நாயின் உடலில் கட்டி கண்டால்

தமிழ்நாட்டின் வடமேற்கே மலைகளும் புன்செய் நிலங்களும் விரவிக் கிடக்கும் பகுதி தருமபுரி மாவட்டம். சேலம் மாவட்டத்தின் ஒரு கூறாயிருந்த இது, 1965 ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. ஆநிரைகளையே செல்வமாகக் கொண்டு வாழ்ந்த பழந்தமிழ்க் குடிகளின் நினைவை இம்மண் இன்றும் கற்களில் தாங்கி நிற்கின்றது. நிரை கவர வந்தாரோடு பொருது மாண்ட வீரர்க்கு எடுத்த நடுகற்கள் இங்கு மிகப் பல. அவற்றுட் சில தருமபுரி நகரத்து அரசு அருங்காட்சியகத்தில் வைத்துக் காக்கப்படுகின்றன.

இம்மாவட்டத்தை அடுத்துள்ள திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்பது ஓர் ஊர். அங்குள்ள நடுகல் ஒன்று, பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34 ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 7 ஆம் நூற்றாண்டில், எடுக்கப்பெற்றது. எருமைகளைக் காக்கும்பொருட்டுப் போரிட்டு இறந்த வீரன் ஒருவனின் உருவம் அதில் செதுக்கப்பட்டுள்ளது. அவனருகே ஒரு நாயின் உருவமும் உள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் அக்கல்வெட்டு அறிவிக்கின்றது. நாயின் பெயரையும் கல்லில் பொறித்த பெருந்தகைமை நம் முன்னோருடையது.

இன்றும் பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி முதலிய ஊர்ப்புறங்களில் நாய் செய்யும் பணி பெரிது. ஆட்டுப்பட்டியை இரவெல்லாம் காப்பதும், நிலக்கடலைக் கொல்லையில் புகும் காட்டுப்பன்றியைக் குரைத்து விரட்டுவதும், வீட்டு வாயிலில் விழித்திருப்பதும் அதுவே. இத்துணைப் பணி புரியும் உயிர்க்கு ஒரு நோய் வந்தால், 'இங்கே வலிக்கின்றது' என்று வாய் திறந்து கூற அதற்கு இயலாது. அதன் குறையை நாமே தேடி அறிதல் வேண்டும். நாயின் உடலில் தோன்றும் கட்டிகள் அவ்வாறு தேடி அறியத்தக்கவற்றுள் முதன்மையானவை. மயிரினுள் மறைந்து வளர்வதால், அவை பெரியனவாகிப் புறத்தே தெரியும்வரை பலர் அவற்றைக் காண்பதில்லை.

இருவகைத் தவறுகள்

நாயின் தோலில் ஒரு கட்டியைக் கண்டவுடன் மக்கள் இருவகைத் தவறு செய்கின்றனர். ஒரு சாரார், 'நாய்க்குக் கட்டி வருவது இயல்பு. தானே அமுங்கிவிடும்' என்று வாளா இருந்துவிடுகின்றனர். மற்றொரு சாரார், 'இது புற்று. நமக்கும் ஒட்டிக்கொள்ளும்' என்று அஞ்சி, அந்நாயை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுகின்றனர். முன்னவர் செயலால், தீர்க்கக்கூடிய நோய் தீராத நோயாகின்றது. பின்னவர் செயலால், எளிய கட்டியுடைய நாயும் பசியால் மாள்கின்றது. வளர்த்த விலங்கைத் துன்பத்தில் கைவிடுதல் அறத்திற்கு மாறாவதன்றி, 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

இவ்விரு தவறுகளுக்கும் வேர் ஒன்றே. கட்டியை வெளியிலிருந்து பார்த்தே அதன் இயல்பை அறிந்துவிட்டதாக எண்ணுவதே அவ்வேர்.

கட்டி என்பது யாது?

உடல் எண்ணிறந்த உயிரணுக்களால் ஆயது. தோலின் உயிரணுக்கள் நாள்தோறும் தேய்ந்து உதிர்கின்றன; புதியன தோன்றி அவற்றின் இடத்தை நிரப்புகின்றன. இத்தொழில் அளவோடு நடைபெறுங்காறும் தோல் சமமாக இருக்கும். ஓரிடத்தில் உயிரணுக்கள் அளவின்றிப் பெருகுமாயின் அவ்விடம் புடைத்துக் கட்டியாகின்றது. பெருகிய அணுக்கள் ஓரிடத்தே அடங்கி நிற்பின் அது தீங்கிலாக் கட்டி. அவை சுற்றியுள்ள தசையைத் துளைத்துச் சென்று, இரத்தத்தின் வழியும் நிணநீரின் வழியும் நுரையீரல் முதலிய உறுப்புகளில் குடியேறுமாயின் அது கொடிய கட்டி. அதனையே புற்று என்கிறோம்.

எனினும், புடைத்தன எல்லாம் உயிரணுப் பெருக்கத்தால் வந்தவை அல்ல. நாய்களிடத்துப் பெரும்பாலும் காணப்படும் புடைப்புகளை இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, கட்டியே அல்லாதவை. ஆண் நாய்க்கும் மார்பு முதல் அடிவயிறு வரை இரு வரிசையாகச் சிறு காம்புகள் உண்டு. இதனை அறியாதார் அவற்றை உண்ணி என்று எண்ணிப் பிடுங்க முயல்வர். இரத்தம் குடித்துப் பருத்த உண்ணியோ, ஆமணக்கு விதை போலத் தோலில் ஒட்டிக் கிடக்கும். உற்று நோக்கினால் அதன் கால்கள் தோலருகே தெரியும். அதனை நசுக்கலாகாது, மண்ணெண்ணெய் ஊற்றவும் கூடாது. சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மெல்ல இழுத்து எடுத்தல் வேண்டும். உண்ணிகள் காய்ச்சலை உண்டாக்கும் நுண்ணுயிர்களைச் சுமந்து திரிவதால், பல உண்ணிகள் காணப்படின் மருத்துவரின் அறிவுரை தேவை.

இரண்டாவது, சீழ்க்கட்டி. மற்றொரு நாயின் கடியாலோ முள் தைத்தலாலோ புண்ணாகி, உள்ளே சீழ் பிடிப்பதால் வருவது. இது சில நாட்களிற் பருக்கும், தொட்டால் சுடும், நாய் வலியால் முனகும். அடிபட்ட இடத்தில் குருதி தேங்குவதால் வரும் இரத்தக்கட்டும் இதனோடு ஒருவாறு ஒத்தது.

மூன்றாவது, மரு. இளநாய்களின் உதட்டிலும் வாயினுள்ளும் பூக்கோசுப் பூவின் துணுக்குகள் போல இவை தோன்றும். ஒருவகை நச்சுயிரியால் வரும் இவை பெரும்பாலும் சில திங்களில் தாமே உதிர்ந்துவிடும்.

நான்காவது, கொழுப்புக்கட்டி. நடுவயதும் முதுமையும் உற்ற நாய்களின் விலாப்புறத்தும் மார்பின் கீழும் இது தோன்றும். விரலால் தள்ளினால் தோலின் கீழ் வழுக்கி நகரும், மென்மையாயிருக்கும், வலி இராது. இவற்றுட் பெரும்பாலானவை தீங்கற்றவை.

ஐந்தாவது, புழுக்கட்டி. நூல் போன்ற ஒருவகைப் புழு கொசுவின் மூலம் நாயின் உடலிற் புகுந்து தோலின் கீழ் வாழ்வதுண்டு. தென்னிந்தியாவில் இப்புழுவை மருத்துவர்கள் பல நாய்களிற் கண்டுள்ளனர்.

ஆறாவது, கொடிய கட்டிகள். கருப்பை நீக்கப்பெறாத பெண் நாய்களின் பாற்சுரப்பியில் கட்டி தோன்றுவது மிகுதி. அவ்வாறு தோன்றுவனவற்றில் ஏறக்குறையப் பாதி கொடியவை என்பர். மாஸ்ட் உயிரணுக் கட்டி என்பது மற்றொன்று. இது மருப்போலவும் தோன்றும். கொழுப்புக்கட்டி போலவும் தோன்றும். ஒரு நாள் வீங்கி மறுநாள் வற்றுவதால், 'கரைந்து வருகின்றது' என்று காண்பாரை ஏமாற்றும். அதனை அழுத்திப் பிசைந்தால் உள்ளிருக்கும் வேதிப்பொருள்கள் வெளிப்பட்டு, அவ்விடம் சிவந்து வீங்கும்.

கண் அறியாததை ஊசி அறியும்

ஏரியூர்ப் பக்கத்துப் பட்டி ஒன்றில் ஆடு காக்கும் இரு நாய்கள் இருப்பதாகக் கொள்வோம். இரண்டற்கும் விலாப்புறத்தில் நெல்லிக்காய் அளவில் ஒவ்வொரு கட்டி. இரண்டும் மென்மையானவை, இரண்டும் நகர்பவை, இரு நாய்களும் நன்றாகத் தின்று ஓடியாடித் திரிகின்றன. ஒன்றன் கட்டி கொழுப்பாயும் மற்றொன்றன் கட்டி மாஸ்ட் உயிரணுக்களாயும் இருத்தல் கூடும். முன்னதை வாழ்நாள் முழுதும் விட்டுவைக்கலாம். பின்னதை விரைவில் அறுத்தெடுத்தல் வேண்டும். எது எதுவென்று நாற்பதாண்டு ஆடு மேய்த்த பெரியவராலும் கூற இயலாது. கைதேர்ந்த மருத்துவராலும் தொட்ட அளவில் கூற இயலாது.

ஆயின் அறியும் வழி யாது? மிக எளிய வழி ஒன்று உண்டு. மருத்துவர் மெல்லிய ஊசியைக் கட்டியினுட் செலுத்தி, அதிலுள்ள உயிரணுக்கள் சிலவற்றை உறிஞ்சி எடுப்பார். அவற்றைக் கண்ணாடிச் சில்லின்மீது பரப்பி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியால் நோக்குவார். கொழுப்புக்கட்டியாயின் எண்ணெய்த் துளிகள் தெரியும். சீழ்க்கட்டியாயின் வெள்ளணுக்கள் மொய்த்திருக்கும். மாஸ்ட் உயிரணுக்களாயின் மணல் தூவினாற்போல நுண்துகள்கள் நிறைந்திருக்கும். நாய்க்கு இதனால் உண்டாகும் வலி, தடுப்பூசி போடுங்கால் உண்டாகும் வலியை ஒத்ததே.

இவ்வளவிலும் ஐயம் தீராவிடின், கட்டியின் சிறு துண்டை அறுத்தெடுத்துப் பார்மலினில் இட்டு ஆய்வகத்திற்கு அனுப்புவர். அங்கு அதனை மயிரிழையினும் பன்மடங்கு மெல்லிய ஏடுகளாகச் சீவி ஆராய்வர். சென்னை வேப்பேரியில் 1903 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியும், நாமக்கல்லில் 1985 ஆம் ஆண்டில் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் இத்தகைய நோய்க்குறியியலைக் கற்பிக்கும் நிலையங்களாகும்.

ஒட்டும் கட்டியும் ஒரு பூஞ்செடியும்

'கட்டி ஒட்டுமா?' என்பது பலர் கேட்கும் வினா. நாயின் புற்று மனிதனுக்கு ஒட்டுவதில்லை. ஆயினும், நாய்க்கு நாய் ஒட்டும் புற்று ஒன்று உண்டு. 1876 ஆம் ஆண்டில் உருசிய நாட்டுக் கால்நடை மருத்துவர் நொவின்ஸ்கி என்பார், ஒரு நாயின் கட்டியிலிருந்து எடுத்த துண்டை மற்றொரு நாயின் உடலில் வைத்து, அங்கும் அது வளர்வதைக் கண்டு காட்டினார். பல்லாயிரம் ஆண்டுகட்கு முன் வாழ்ந்து மறைந்த ஏதோ ஒரு நாயின் உயிரணுக்களே, நாய்கள் ஒன்றோடொன்று கூடுதலாலும் நக்குதலாலும் முகர்தலாலும் உடல்விட்டு உடல் மாறி, இன்றளவும் உலகெங்கும் வாழ்ந்து வருகின்றன என்பதைப் பிற்கால அறிஞர் மரபணு ஆராய்ச்சியால் தெளிந்தனர். நம் நாட்டுத் தெருநாய்களிடத்தும் இக்கட்டி காணப்படுகின்றது. பிறப்புறுப்பிலும், சிலபோது மூக்கிலும் வாயிலும் தோன்றிக் குருதி ஒழுகச் செய்யும்.

காண்பதற்கு அஞ்சத்தக்க இக்கட்டி, மருந்தால் பெரிதும் குணமாகக்கூடியது என்பது வியப்பிற்குரியது. அம்மருந்து எதிலிருந்து கிடைக்கின்றது? நம் வீட்டு முற்றத்திலும் கோயில் நந்தவனத்திலும் ஆண்டு முழுதும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்தே கிடைக்கின்றது. அதிலிருந்து பிரித்தெடுத்த வின்கிறிஸ்டின் என்னும் மருந்து 1960 ஐ அடுத்த ஆண்டுகளில் குழந்தைகளின் குருதிப்புற்றுக்கு வழங்கலாயிற்று. அதனையே கால்நடை மருத்துவர் வாரம் ஒருமுறையாகச் சில வாரங்கள் நாயின் குருதிக் குழாயிற் செலுத்துகின்றனர். பல நாய்களின் கட்டி அதனாற் கரைந்து மறைகின்றது. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. அச்செடியின் இலையை அரைத்துப் பூசுவதும் ஊட்டுவதும் மருந்தாகா, செடி நச்சுடையது. அளவறிந்து செலுத்துவார் கையிலேதான் அந்நஞ்சு மருந்தாகின்றது.

நாம் செய்யத்தக்கவை

வாரம் ஒருநாள், நாய் உண்டு இளைப்பாறும் வேளையில், அதன் உடல் முழுவதையும் தடவிப் பார்த்தல் நன்று. உதடு, காதின் உட்புறம், கழுத்து, அக்குள், விலா, மார்பு, பாற்காம்புகளின் வரிசை, தொடையிடுக்கு, கால்விரல்களின் இடை, வாலின் அடி என்று ஒரு முறை வகுத்துக்கொண்டு பார்த்தால் ஓரிடமும் விடுபடாது. நன்கு பழகிய நம் வீட்டு நாயையே இவ்வாறு பார்த்தல் வேண்டும். வலியுற்ற நாய், தன்னை வளர்த்தவரையும் கடித்துவிடும். ஆதலின் பெரியோர் ஒருவர் உடனிருத்தல் இன்றியமையாதது. பார்த்தபின் கையைச் சவர்க்காரம் இட்டுக் கழுவுக. புற்று ஒட்டாதெனினும் சொறியும் படர்தாமரையும் ஒட்டும்.

நாய் கடித்துவிட்டால் அதனை மறைத்தலாகாது. காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரம் இட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்படின், அதனைக் குறிப்பேட்டில் எழுதுக. நாள், இடம், அளவு, தன்மை ஆகிய நான்கும் அதில் இருத்தல் வேண்டும். 'சிறியது', 'பெரியது' என்று எழுதுவதாற் பயனில்லை. அளவுகோலை வைத்து மில்லிமீட்டரில் குறிக்க வேண்டும். ஏன்? 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கட்டி 20 மில்லிமீட்டர் ஆயின், அது இருமடங்கானதாகக் கண்ணுக்குத் தோன்றும். ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால் அதன் கன அளவு எட்டு மடங்காகியிருக்கும். கண் ஏமாறும் இடத்தில் கணக்கு உண்மை கூறும்.

பட்டாணி அளவிற்கு மேற்பட்டு ஒரு திங்களாகியும் மறையாத கட்டி எதுவாயினும் மருத்துவரிடம் காட்டத்தக்கது. விரைந்து வளர்தல், உடைந்து குருதி ஒழுகுதல், கல்லைப் போல் இறுகி நகராதிருத்தல், பாற்சுரப்பியிலோ வாயிலோ தோன்றுதல், நாய் உணவு வெறுத்து மெலிதல் ஆகிய குறிகளுள் ஒன்று காணப்படினும், திங்கள் கணக்குப் பாராது சில நாட்களிலேயே காட்டுதல் வேண்டும். ஒரு நாழிகைக்குள் முகமோ காலோ வீங்கிவிடின் அது கட்டி அன்று; பாம்போ குளவியோ தீண்டியதாகலாம். அப்பொழுது ஒரு கணமும் தாழ்த்தலாகாது.

செய்யத்தகாதவை

கட்டியின்மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடுதல், நூலால் இறுக்கிக் கட்டுதல், சுண்ணாம்பும் எருக்கம்பாலும் பூசுதல், சவரத்தகட்டால் கீறுதல் ஆகியவை சிலர் கையாளும் முறைகள். அன்பினாலேயே அவர் இவற்றைச் செய்கின்றனர். ஆயினும் விளைவது துன்பமே. வெந்த புண்ணில் ஈ முட்டையிடப் புழுக்கள் நெளியும். கொடிய கட்டியாயின் கீறிய பின்னும் வேர் உள்ளே நிற்கும். கோரைப்புல்லை மேலே அறுத்துவிட்டுக் கிழங்கை நிலத்தில் விட்டால் அது மீண்டும் முளைப்பது உழவர் அறிந்ததே. அறுவை மருத்துவர் கட்டியை மட்டுமின்றி அதனைச் சூழ்ந்த நல்ல தசையிலும் ஓரளவு சேர்த்து அறுத்தெடுப்பது இதனாலேயே.

நமக்கெனக் கடையில் வாங்கிய வலிநீக்கி மாத்திரைகளை நாய்க்குக் கொடுத்தலும் பெருந்தீங்கு. ஐபுபுரூஃபன், டைக்குளோபினாக் போன்றவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

காலத்தின் அருமை

பாற்சுரப்பிக் கட்டி 3 சென்டிமீட்டருக்கு உட்பட்டதாய் இருக்கும்போதே அறுத்தெடுக்கப்பெற்ற நாய்கள், பெரிதான பின் அறுவை செய்யப்பெற்றவற்றினும் நெடுநாள் வாழ்கின்றன. இளமையிலேயே கருப்பை நீக்கப்பெற்ற நாய்க்கு அக்கட்டி வருவது அரிது என்று 1969 இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. ஆகவே இங்குக் காலமே மருந்தினும் பெரிது. அந்தக் காலத்தை நாய்க்கு ஈட்டித் தருவது மருத்துவமனையன்று. வாரந்தோறும் அதன் உடலைத் தடவிப் பார்க்கும் வீட்டார் கையே.

எல்லாக் கட்டிகளும் தீர்வன அல்ல. சில நாய்கள், செய்வனவெல்லாம் செய்தும் பிழைப்பதில்லை. அந்நிலையிலும் வலி தணிக்கும் மருந்தும், நிழலும், நீரும், அன்பான சொல்லும் அதற்கு நாம் தரக்கூடியவை. உழைத்த நாளில் உணவிட்டு, நோயுற்ற நாளில் ஒதுக்கிவிடுதல் நன்றி மறத்தலாகும். நன்றி என்பதை நாயினிடத்துக் கற்றோம் என்று சொல்லும் நாம், அதனை நாயினிடத்தே காட்டாது விடலாமா?

மாணவர்களே! இன்று மாலை உங்கள் வீட்டு நாயை அருகழைத்துத் தடவிப் பாருங்கள். ஒன்றும் இல்லையாயின் மகிழுங்கள். ஏதேனும் தட்டுப்படின் அஞ்சாதீர்கள், அசட்டையாகவும் இராதீர்கள். அளந்து எழுதுங்கள், பெற்றோரிடம் கூறுங்கள், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு செல்லுங்கள். கட்டி இன்னதென்று உய்த்துணர்ந்து கூறுவது நம் கடமையன்று. அதனைக் காலத்தே கண்டு, அறிவாரிடம் காட்டுவதே நம் கடமை.

பயிற்சி

1. எடுத்தனூர் நடுகல் அறிவிக்கும் செய்தி யாது?
2. நாயின் கட்டியைக் கண்ட மக்கள் செய்யும் இருவகைத் தவறுகள் எவை? அவற்றின் வேர் யாது?
3. தீங்கிலாக் கட்டிக்கும் கொடிய கட்டிக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
4. கட்டியின் அளவை மில்லிமீட்டரில் குறிக்க வேண்டுவது ஏன்? கணக்கிட்டுக் காட்டுக.
5. நித்தியகல்யாணி நஞ்சாவதும் மருந்தாவதும் எவ்வாறு?
6. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள நாய்க்கு நான்கு வாரத்துக்குரிய உடற்குறிப்பேடு ஒன்று அமைக்க.